ஐந்து போத்தலிலும் பரிமளம்

ஒருவருடைய வாழ்க்கைக் குறிப்பு எழுதப்பட வேண்டுமானால் அவருக்குச் சில தகுதிகள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டில் எழுதப்படாத சட்டம். ஒரு பாடசாலைக்கு அதிபராக இருந்து ஓய்வு பெற்றிருக்க வேண்டும். அல்லது ஒரு கோயிலுக்குத் தர்மகர்த்தாவாக இருந்து மனஸ்தாபத்துடன் விலகியிருக்க வேண்டும். ஒன்றுமே இல்லாவிட்டாலும் இறந்தாவது போயிருக்க வேண்டும். இந்த மூன்றில் எதையும் இதுவரை பூர்த்தி செய்யாத திருமதி பரிமளம் தனபாலன் அவர்களைப் பற்றி இங்கே எழுதப்படுவது முறைகேடுதான். வாசகர் பொறுத்தருள்க.

பரிமளம் கொலர் வைப்பவர். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ் ஏறி, இருக்கை கிடைத்துக் கண்ணை மூடுவதற்குள் இறங்க வேண்டி வருகிற தூரத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே தைக்கப்படும் ஆண்கள் சட்டைகளுக்குக் கழுத்துப் பட்டி பொருத்துவது அவர் பொறுப்பு. குளிர் நாடுகளில் சில கனவான்கள் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார்கள் என்றால் அதில் பரிமளத்துக்கும் பங்குண்டு. அந்தக் கனவான்கள் இதுவரை நன்றி தெரிவித்து எழுதவில்லை.

பிறந்ததும் கலியாணம் கட்டியதும் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். கணவர் தனபாலனுக்கு முதுகு பிடித்துக்கொண்டு பாரம் தூக்க முடியாமல் போனதும், மகள் கஜனி கணிதப் பிரிவில் உயர்தரம் படிக்கப் போவதாக அறிவித்ததும் ஒரே மாதத்தில் நடந்தன. இரண்டு செய்தியையும் கேட்ட பரிமளம் கொழுந்துக் கூடையைக் கொழுந்தியாளிடம் கொடுத்துவிட்டு, ஒரு பயணப் பையுடன் கண்டிக்கு வந்து சேர்ந்தார். தையல் தெரியுமா என்று தொழிற்சாலையில் கேட்டார்கள். தெரியும் என்றார். அன்றைக்கு அது பொய். அடுத்த மாதம் உண்மையாகிவிட்டது. பெரிய மனிதர்களின் வாழ்க்கையில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கும்.

தங்கியது சித்தி றலியா என்ற பெயருடைய முஸ்லிம் பெண்மணியின் வீட்டு மாடியில். ஊர் முழுக்க அவரை றலியா தாத்தா என்று கூப்பிடும். அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. அந்த மாடி அறையில் பரிமளத்துடன் நான்கு பேர். கிளிநொச்சியிலிருந்து வந்த சுபாஜினி, மஹியங்கனையிலிருந்து வந்த துஷானி, ராகலையிலிருந்து வந்த அக்காளும் தங்கச்சியும். ஐந்து பேருக்கும் ஒரே தொழிற்சாலை, லைன் எனப்படும் தையல் வரிசையும் ஒன்றே. பரிமளம் கொலர், சுபாஜினி கை, துஷானி பொத்தான், சகோதரிகள் இருவரும் பொக்கட்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒருவரிடம் இருப்பது ஐவருக்கும் உரியது. சோறு, சவர்க்காரம், தலைவலித் தைலம், பஸ்ஸில் பிடித்து வைக்கும் இருக்கை எல்லாம் பொது. துஷானி ஊரிலிருந்து தயிர்ச்சட்டி கொண்டு வந்தால் ஐந்து கரண்டி விழும். சுபாஜினியைப் பெண் பார்க்க வந்த நாளில் சேலை துஷானியுடையது, சங்கிலி ராகலைத் தங்கச்சியுடையது, பேச்சு பரிமளத்துடையது. மாப்பிள்ளைக்குப் பேச்சுத்தான் பிடித்துப்போனது என்பதால் அந்தச் சம்பந்தம் கைகூடவில்லை. இந்தச் சட்டத்தை மனதில் இருத்திக்கொண்டால் மேற்கொண்டு நடந்தவை எதுவும் வாசகருக்கு ஆச்சரியமாக இராது.

இனி, கண்டிப் பிரதேசத்தின் சுகாதார வரலாற்றில் பொறிக்கப்பட வேண்டிய அந்தத் திட்டத்துக்கு வருவோம்.

தொழிற்சாலையின் நலன்புரி அலுவலர் ஜனகன். பேராதனையில் பட்டம் பெற்றவர், நல்ல பிள்ளை, வெயிலிலும் கழுத்து டையை அவிழ்க்காதவர். வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கி உழைப்பவர்கள் உடம்பைக் கவனிப்பதில்லை என்று அவர் உள்ளபடியே கவலைப்பட்டார். அந்தக் கவலையிலிருந்து ‘ஆரோக்கிய ஊழியர், ஆனந்த உற்பத்தி’ என்ற திட்டம் பிறந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள், பாற்சோறு வெட்டினார்கள். மும்மொழியிலும் சுவரொட்டி ஒட்டினார்கள். சுவரொட்டியில் ஓர் ஒல்லியான பெண் கடற்கரையில் ஒற்றைக்காலில் நின்று சூரியனைக் கும்பிட்டாள். கண்டியில் கடற்கரை இல்லை என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை. பெரிய இடத்து விஷயங்களில் அப்படிச் சுட்டிக்காட்டும் வழக்கமும் இல்லை.

திட்டத்தில் இருவர் சேர்ந்தார்கள். ஒருவர் ஜனகன். மற்றவர் வாயிற்காவலர், அவர் உத்தரவின் பேரில் சேர்ந்தார்.

ஏன் யாரும் சேரவில்லை என்று ஆராயக் கூட்டம் போட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த நிபுணர் விழிப்புணர்வு போதாது என்றார். மேற்பார்வையாளர் சோம்பல் என்றார். கணக்காளர், இலவசமாகக் கொடுத்தால் மதிப்பிருக்காது என்று தன் தொழிலுக்கேற்பச் சொன்னார். சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுப் பார்க்கலாம் என்ற யோசனை எழவே இல்லை. நிகழ்ச்சி நிரலில் அதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

கேட்டிருந்தால் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்லியிருப்பார்கள். கணேஸ். துணி அழுத்தும் பகுதியில் வேலை செய்த கணேஸ் சூட்டில் மயங்கி விழுந்தான். ‘வீட்டுக்குப் போய் நன்றாக ஓய்வெடு, சுகமானதும் கூப்பிடுகிறோம்’ என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார்கள். கணேஸ் ஊருக்குப் போனான், சுகமானான், கூப்பிடுவார்கள் என்று இன்னும் காத்திருந்தான். கூப்பிடக் கூடாது என்று யாரும் தீர்மானிக்கவில்லை. கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் லைனில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் பார்த்தது கணேஸ் படியிறங்கிப் போனதை. ஆகவே, இரத்தத்தையும் நீரையும் சோதித்து யார் யாரை ஊருக்கு அனுப்பலாம் என்று பொறுக்கி எடுக்கும் வேலைக்குத்தான் இந்தப் பாற்சோறு என்று முடிவு கட்டினார்கள். நோயைக் கண்டு யாரும் பயப்படவில்லை. நோய் கண்டுபிடிக்கப்படுவதுதான் பயமாக இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு ஜனகனுக்கே ஓர் எண்ணம் உதித்தது. சேருகிறவர்களுக்கு ஒரு குடை கொடுப்பது.

இதை அற்ப யோசனை என்று நினைப்பவர் கண்டியில் ஒக்டோபர் மாதம் வேலை விட்டு வீடு போயிருக்க மாட்டார். இங்கே மழை, தொழிற்சாலை மணி அடிக்கும்வரை மேகத்துக்குள் காத்திருக்கும். அந்தக் குடையும் ஏதோ பெயருக்குக் கொடுக்கும் குடையல்ல. மடக்குக் குடை, தடித்த கம்பி, கம்பனிப் பெயர் சிறிய எழுத்தில். மறுநாள் தேநீர் வேளையில் வரிசை கன்டீன் கதவைத் தாண்டிப் போனது. விழிப்புணர்வு செய்யாததைக் குடை செய்தது.

ஆனால் குடையோடு ஆளுக்கொரு சின்னப் போத்தலும் கிடைத்தது. மேலே பெயர் ஒட்டியிருந்தது. காலையில் நிரப்பிக் கொண்டு வர வேண்டும். முதலில் சிறுநீர், அதில் ஏதும் தெரிந்தால் பிறகு விரலில் குத்தி இரத்தம் என்பது ஏற்பாடு.

அன்று மாலை மாடி அறையில் ஐந்து குடைகள் விரித்துக் காயப் போட்டிருந்தன. ஐந்து போத்தல்கள் ஜன்னலோரம் நின்றன. குடையைத் திருப்பிக் கொடுக்க ஒருவருக்கும் மனமில்லை. போத்தலை நிரப்ப ஒருவருக்கும் துணிவில்லை. இந்த இக்கட்டுக்குத் தீர்வு சொன்னது துஷானி. அறையிலே யாருக்கு நல்ல உடம்போ அவருடையதையே ஐந்திலும் ஊற்றிக் கொடுத்தால் ஐவரும் நலம் என்று வந்துவிடும். அறைச் சட்டத்துக்கு இது முற்றிலும் பொருந்தியும் இருந்தது.

நல்ல உடம்பு யாருடையது என்பதில் வாக்கெடுப்புக்கே அவசியம் ஏற்படவில்லை. நிறைந்த கேஸ் சிலிண்டரைத் தனியே மாடிக்குத் தூக்கி வருபவர் பரிமளம். சளி, தடிமன் என்று ஒரு நாள் படுத்தவரல்ல. சுவரொட்டி சொன்னபடி நிறையத் தண்ணீர் குடிப்பவரும் அவர் ஒருவர்தான். போத்தல் போத்தலாகக் குடிப்பார். அடிக்கடி எழுந்து போவார். இவ்வளவு ஆரோக்கியப் பழக்கம் உள்ள மனுஷியை அவர்கள் கண்டதில்லை.

பரிமளம் மறுக்கவில்லை.

“குடுத்தா கொறையாத சாமான் ஒலகத்துலயே இது ஒண்ணுதான். கொண்டாங்க போத்தல” என்றார்.

மூன்றாம் நாள் நர்ஸ் றஞ்சனா ஐவரையும் ஒன்றாகக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர், கண்ணாடிக்கு மேலால் ஆளைப் பார்ப்பவர். ஐந்து பேரையும் வரிசையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“உங்கட அஞ்சு பேருக்கும் சீனி கூடவாக் கிடக்கு. ஒருத்தரும் தப்பேல்லை. அந்த வீட்டில அப்பிடி என்னத்தைத்தான் சமைக்கிறனீங்கள்?”

நான்கு பேர் பரிமளத்தைப் பார்த்தார்கள். பார்த்தது தெரிந்துவிடுமே என்று உடனே நால்வரும் கூரையைப் பார்த்தார்கள். பரிமளம் மட்டும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளிக்கிழமை வெறும் வயிற்றோடு வரச் சொன்னார் நர்ஸ். விரலில் குத்தி உறுதி செய்ய வேண்டுமாம்.

செய்தி கேட்ட ஜனகனுக்குக் கவலையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. ஒரே அறையில் ஐந்து பேருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு நோய், என்பது லேசான கண்டுபிடிப்பா? தங்குமிட உணவுதான் காரணம் என்று தீர்மானித்து, மாலையே றலியா தாத்தாவின் சமையலறையைப் பார்வையிடப் போனார். தாத்தா அவரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, பிறகு விசாரித்தார்.

“எங்கட ஊட்டுச் சோத்துல சீனி ஈக்கிதாமா? பொறந்தது தொட்டு நானும் இதத்தானே மகன் தின்னுறேன். எனக்கு எங்க சீனி?” என்றார்.

அவருடைய வாதத்தில் ஜனகனுக்கு ஓட்டை தெரியவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் தாத்தா மாடிப்படியடியில் நின்று யோசித்தார். கொஞ்ச காலமாகவே மேல் குளியலறையில் எறும்பு மொய்ப்பதும், கேக் துண்டு ஏதும் சிந்துகிறார்களா என்று தான் சத்தம் போட்டதும் அவருக்கு நினைவு வந்தது. அங்கே அடிக்கடி போய் வருவது யார் என்பதும் தெரியும்; சீனி யாருக்கு என்று விளங்கிவிட்டது. தாத்தா அதை எவரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குப் பரிமளத்துக்குத் தேத்தண்ணி ஊற்றியபோது சீனி போடவில்லை, அவ்வளவே.

மாடியில் ஐவரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பரிமளத்துக்குத் தன் உடம்பைப் பற்றி யோசிக்க நேரம் இருக்கவில்லை. நினைப்பெல்லாம் கணேஸ் படியிறங்கியது. தன்னையும் அன்பாகச் சொல்லி அனுப்பிவிட்டால் கஜனியின் படிப்பு அந்த மாதத்தோடு நின்றுவிடும். முதுகு பிடித்த தனபாலனால் ஒன்றும் செய்ய முடியாது. மகளுக்கு உயர்தரப் பரீட்சை வர இன்னும் ஒரு வருஷம் கிடந்தது. ஒரு வருஷம், அதுவரைக்கும் அந்த மெஷினில் உட்கார்ந்திருக்க முடிந்தால் போதும் என்று அவர் சொன்னார். சொன்னபோது அழவில்லை என்று ராகலை அக்காள் பின்னாளில் சத்தியம் செய்தார். மூக்கைச் சிந்தியது தடிமனாலாம். தடிமனே வராத உடம்பு என்று சொல்லப்பட்டவர்.

சுபாஜினி யுத்தம் பார்த்த ஊரிலிருந்து வந்தவள். அவளுக்கு உத்தி தோன்றியது.

“ஒராளெண்டால் அனுப்புவினம் அக்கா. அஞ்சு பேரையும் எப்பிடி அனுப்புறது? கொலர் இல்லை, கை இல்லை, பொத்தான் இல்லை. பேந்து அவை துணியைத்தான் சுத்தி அனுப்போணும்.”

ஆக, ஐவருக்கும் சீனி இருக்க வேண்டும். ஒருவருக்கு இருக்கிறது; மற்ற நால்வருக்கும் வெள்ளிக்கிழமைக்குள் வரவழைக்க வேண்டும். இந்த நாட்டில் எத்தனையோ பேர் நோயில்லை என்று காட்டப் பாடுபட்டிருக்கிறார்கள். ஒருத்திக்காக நான்கு பேர் நோயை வரவழைக்கப் பாடுபட்டது கட்டுகஸ்தோட்டையில்தான். வைத்திய நூல்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

துஷானி ஊரிலிருந்து ஒரு போத்தல் கித்துள் பாணி, கித்துள் மரத்தின் இனிப்புப் பாகு, கொண்டு வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் நால்வரும் அதைக் குவளையில் ஊற்றிக் குடித்தார்கள். தயிரில் விட்டுக் கரண்டியால் சாப்பிட வேண்டிய சாமானை வெறும் வயிற்றில் மருந்துபோலக் குடித்தால் என்ன ஆகும் என்பதற்கு அன்று நான்கு சாட்சிகள். ராகலைத் தங்கச்சி பாலத்தைத் தாண்டுமுன் பஸ் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிவிட்டாள். தன் பங்கு வீணாய்ப் போயிற்றே என்று அழுதபடி டொபி மிட்டாயின் உறையைப் பிரித்தாள். சுபாஜினிக்கு வியர்த்துக் கொட்டியது. துஷானி வாயைத் திறந்தால் ஆபத்து என்று வாயை மூடிக்கொண்டே வந்தாள். இந்தப் பக்கம் பரிமளம் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாமல் நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தார்.

நர்ஸின் அறை வாசலில் ஐவரும் நின்றார்கள். முதலில் சுபாஜினியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் ஓர் அடி வைத்தாள், சுவரைப் பிடித்தாள், சிரித்தாள், அடுத்த அடி வைத்தாள். வருத்தமில்லாத ஒரு பெண் வருத்தக்காரியாக நடந்து போவதைப் பரிமளம் பார்த்தார். பின்னால் மற்ற மூவரும் மஞ்சள் பூத்த முகத்தோடு தங்கள் முறைக்காகக் காத்து நிற்பதையும் பார்த்தார். ஒருவரிடம் இருப்பது ஐவருக்கும் உரியது என்ற சட்டம் அந்த வாசலில் முறிந்தது. முறித்தவர் அவரே. கையை நீட்டிச் சுபாஜினியை மறித்துவிட்டு, கூப்பிடாமலே உள்ளே போனார்.

“மிஸ், அஞ்சு போத்தலும் என்னோடது.”

றஞ்சனா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். விளங்கவில்லை.

“அதுங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. வெடியக்காத்தால பாணியக் குடிச்சிட்டு வந்து நிக்கிதுங்க. அதுங்க வெரலக் குத்தி, ஏதாச்சும் வந்து, வேணாத மருந்த எழுதிப்புடாதீங்க. என்னையக் குத்துங்க.”

நர்ஸ் வாசலை எட்டிப் பார்த்தார். நால்வரின் வாயோரத்திலும் சாட்சி இருந்தது. பத்தொன்பது வருஷ சேவையில் அவர் சிரித்ததை அந்தத் தொழிற்சாலை கண்டதில்லை. அன்றும் சிரிக்கவில்லை; ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வழக்கத்தை விட நேரம் எடுத்தது. பிறகு ஊசியை எடுத்தார். பரிமளம் கையை மடித்துக்கொண்டார்.

“குத்துறதுக்கு முன்னுக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க மிஸ். சீனி இருக்குன்னா என்னைய வீட்டுக்கு அனுப்பிருவீங்களா?”

“அது எனக்குத் தெரியாது. ஜனகன் சேரைத்தான் கேக்கோணும்.”

ஜனகனைக் கூப்பிட்டார்கள். அவர் திட்டக் கோப்போடு வந்தார். கோப்பு கனமானது. நோக்கங்கள் இருந்தன, சுலோகம் இருந்தது, குடையின் நிறம் பற்றி நீண்ட கடிதப் போக்குவரத்து இருந்தது. நோய் என்று தெரிய வந்தால் ஆளை என்ன செய்வது என்பது மட்டும் இல்லை. ஜனகன் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். பரிமளம் குரலை உயர்த்தவில்லை.

“கணேஸுக்குச் சொகமாயி எவ்வளவு நாளு. இன்னும் கூப்புடலையே சேர்.”

ஜனகன் கோப்பை மூடினார். கணேஸ் என்ற பெயர் அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது என்பது முகத்தில் தெரிந்தது. படித்தவர்கள் இந்த இடத்தில் ‘பரிசீலிக்கப்படும்’ என்பார்கள். அவர் சொன்னது வேறு.

“எனக்குத் தெரியாதுக்கா.”

திட்டம் ஆரம்பித்த நாளிலிருந்து அதன் பெயரால் சொல்லப்பட்ட முதல் உண்மையான வாக்கியம் இதுதான். அக்கா என்றதும் அதுவே முதல் தடவை.

பரிமளத்துக்கு எந்த உறுதியும் கிடைக்கவில்லை. கிடைக்காது என்பதும் தெரிந்துவிட்டது. திரும்பிப் போயிருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவர் மடித்த கையை நீட்டி, மோதிர விரலைப் பிரித்துக் கொடுத்தார். இதைத் துணிச்சல் என்று எழுதினால் அவர் கோபிப்பார். வாசலில் நான்கு பிள்ளைகள் வாந்தியோடு நிற்கும்போது அந்த அறையில் எவ்வளவு நேரம்தான் பேசிக்கொண்டிருப்பது என்பது அவருடைய விளக்கம்.

சீனி இருந்தது. கொஞ்சமல்ல.

அன்று பிற்பகல் ஜனகன் முகாமையாளரிடம் போனார். முகாமையாளர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த நான்கு பேரிடமிருந்தும் குடைகளைத் திருப்பி வாங்க வேண்டுமா என்பதை முதலில் தெளிவுபடுத்தச் சொன்னார். நல்ல பிள்ளையான ஜனகன் தன் வாழ்நாளில் மேலதிகாரி ஒருவரிடம் மறுத்துப் பேசியது அப்போதுதான். இந்த ஒருத்தியை அனுப்பினால் இனி ஒருவரும் நர்ஸின் அறைப் பக்கம் வரமாட்டார்கள், மெஷினிலேயே விழுவார்கள், கணேஸையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்றார். கழுத்து டை கொஞ்சம் கோணிப்போயிருந்ததாகத் தட்டச்சு செய்யும் பெண் சொன்னாள். முகாமையாளர் யோசிக்க அவகாசம் வேண்டும் என்றார். அதுவரை பரிமளம் வேலை செய்யலாம்.

இங்கேதான் தொழிற்சாலைக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. விஷயம் பரவிவிட்டது. பரிமளக்காவுக்குச் சீனி, நர்ஸுக்கும் தெரியும், பெரியவருக்கும் தெரியும், என்ன செய்யப் போகிறார்கள் பார்ப்போம் என்று முழு மண்டபமும் அவருடைய கதிரையைப் பார்க்கத் தொடங்கியது. காலையில் வருபவர்கள் தங்கள் மெஷினுக்குப் போகுமுன் கொலர் பக்கம் ஒரு நடை நடந்தார்கள். துணி அழுத்தும் பகுதியிலிருந்து நூல் கேட்டு வந்தார்கள். அங்கே நூலுக்கு வேலையே இல்லை. பரிமளம் தண்ணீர் குடிக்க எழுந்தால் மூன்று லைன்கள் தையலை நிறுத்தின. அவர் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் மெஷின்களின் சத்தம் எழுந்தது. மனிதரைப் பார்த்துக்கொண்டு தைத்ததில் ஒரு பெட்டிச் சட்டைகளுக்கு இடது பக்கமே இரண்டு பொக்கட்.

ஏழு நாளும் இப்படியே ஒரு கிழமை போனது. உற்பத்தி வரைபடம் கடுகண்ணாவை மலைப்பாதை இறக்கம்போலச் சரிந்தது. முகாமையாளர் காரணத்தை விசாரித்தார். மேற்பார்வையாளர் ஒரு கதிரையைக் காட்டினார். அவகாசம் அன்றே முடிந்தது.

பரிமளம் இருப்பார். மாதம் ஒரு முறை பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகும் நாள் வேலை நாளாகவே எடுக்கப்படும். கணேஸுக்கும் ஆள் அனுப்பப்பட்டது. இது கருணையா, ஜனகனின் வாதமா, இரட்டைப் பொக்கட்டா என்று அறுதியிட்டுச் சொல்ல ஆதாரம் போதாது. மூன்றும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை.

ஜனகன் ஒலிபெருக்கியில் தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தார்: வருத்தம் கண்டுபிடிக்கப்பட்டது என்பதற்காக எவரும் வீட்டுக்கு அனுப்பப்பட மாட்டார்கள். ஒருவரும் நம்பவில்லை. ஒலிபெருக்கி இதற்கு முன்பும் பல நல்ல செய்திகளைச் சொல்லியிருக்கிறது. அவர்கள் நம்பியது பத்து மணித் தேநீர் வேளையை. அந்த வேளையில் பரிமளம் கன்டீன் மேசையில் நடுவில் உட்கார்ந்து, மறைக்காமல், காகிதத்தைப் பிரித்து மருந்துக் குளிசையைப் போட்டு விழுங்கினார். விழுங்கிவிட்டுக் கொலர் வைக்கப் போனார். மறுநாளும் அதையே செய்தார். அதற்கடுத்த கிழமை கணேஸ் வந்து துணி அழுத்தினான்.

குடைகள் தீர்ந்துபோயிருந்தன. புதிதாக வாங்க ஒதுக்கீடு இல்லை. ஆனாலும் நர்ஸின் அறை வாசலில் ஆள் நின்றது. முதலில் ஒருவர் இருவர். பிறகு லைன் லைனாக. இந்த முறை எல்லோரும் அவரவர் போத்தலையே கொண்டு வந்தார்கள் என்று றஞ்சனா உறுதி கூறுகிறார், நம்பலாம். ஊரை விட்டு வந்தவர்களுக்குள்ளே இவ்வளவு வருத்தம் ஒளிந்திருந்ததா என்று அவரே அசந்துபோனார். கொதி எண்ணெய் பட்டது போல எரியும் கால்கள், ஏறிக்கிடந்த பிரஷர், மங்கிய கண்கள் எல்லாம் கதிரை நிச்சயமான பிறகு மெல்ல வெளியே வந்தன. கொழும்பு நிபுணர் மீண்டும் வந்து, வெற்றிக்குக் காரணம் சுவரொட்டியின் வண்ணத் தேர்வு என்று அறிக்கை எழுதினார். அந்த அறிக்கை மிக அழகாகக் கட்டப்பட்டிருந்தது.

திட்டத்துக்குத் தூதுவராக இருக்கும்படியும், அடுத்த சுவரொட்டியில் படம் போடுவதாகவும் ஜனகன் பரிமளத்தைக் கேட்டார். ஒற்றைக்காலில் நிற்கத் தன்னால் ஆகாது என்று அவர் மரியாதையாக மறுத்துவிட்டார். ஆனால் சம்பளமும் பட்டமும் இல்லாமல் அந்த உத்தியோகத்தை அவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் அடுத்த இருக்கையில் இருப்பவளுக்கு, எந்தக் கிளினிக்கில் எந்த நாளில் சனம் குறைவு, எந்த டொக்டர் தமிழில் கேட்பார் என்றெல்லாம் சொல்வார். பாண் ரொட்டியைக் குறைத்து, குரக்கன் என்ற கேழ்வரகில் பிட்டு அவிக்க றலியா தாத்தாவையே பழக்கிவிட்டார். தாத்தா அதைத் தன் யோசனை என்று சொல்லி வருகிறார். சீனி அவருக்கும் இருந்தது. பிறந்தது தொட்டு அதைத்தானே தின்றார்.

போன மாதம் வெட்டும் பகுதியிலிருந்து தினுஷன் என்றொரு ஆள் கொலர் பக்கம் வந்து நின்றான். வவுனியாப் பக்கம். ஆறடி உயரம், ஒரே வெட்டில் நூறு துணியைப் பிளக்கும் கை. அந்தக் கை கொஞ்ச நாளாக விறைப்பதாகவும், கத்தி பிடிக்கப் பயமாக இருப்பதாகவும், இதை யாரிடமும் சொல்லவில்லை என்றும் மெஷினைப் பார்த்தபடி சொன்னான். நர்ஸிடம் போகச் சொன்னார் பரிமளம். அவன் போகவில்லை. நின்ற இடத்திலேயே கால் மாற்றி நின்றான்.

“போனா எழுதிக்குவாங்களாக்கா?”

“எழுதத்தான் செய்வாங்க. எழுதுனாத்தான மருந்து தருவாங்க.”

“எழுதின பிறகு?”

பரிமளம் அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வியை அவர் கேட்ட நாளில் பதில் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. மெஷினை நிறுத்தினார், பாதி வைத்த கொலரை மடித்து வைத்தார், எழுந்தார்.

“வாங்க தம்பி, நானும் வாறேன். வாசல்ல நிப்பேன். எழுதுன பெறகு நீங்களே வெளிய வந்து எனக்குச் சொல்லுங்க.”

இருவரும் மண்டபத்தின் நடுவால் நடந்து போனார்கள். மேற்பார்வையாளர் பார்த்தார், எங்கே என்று கேட்கவில்லை. கொலர் மெஷினுக்கு முன்னால் கதிரை காலியாகக் கிடந்தது. மூன்று லைன்களிலும் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவரும் தலையைத் திருப்பவில்லை.